எழுத்தை மட்டும் கேட்டவரும், கட்டுமுறையையும் கொடுத்த நானும்

நிரல் எழுதும் தொழிலில், பிறர் எழுதியதை இரவல் வாங்காமல் ஒரு நாளும் பிழைக்க முடியாது. இரவலோடு அவர் அனுப்பும் நிபந்தனைகளைச் சுமந்துகொண்டு ஒரு நாளும் நிம்மதியாக இருக்கவும் முடியாது. இத்தொழிலில் அடிபட்ட அன்பர்கள் இதைப் படித்துத் தலையசைப்பீர்கள். அடிபடாதவர்கள் சிரித்துக்கொள்ளலாம், உங்கள் முறையும் வரும்.

எண்பதுகளின் பிற்பகுதி. போடிநாயக்கனூரில் நான் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏலக்காய் ஏலக்கூடம் நடத்திய முதலாளி ஒருவர் கணிப்பொறி வாங்கிவிட்டு, அதற்கு நிரல் எழுத ஆள் தேடினார். "எனக்குத் தெரியும்" என்று சொல்லி வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த மறுநாள் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிக் கற்கத் தொடங்கினேன். ஆசிரியர் எவரும் எனக்கு வாய்க்கவில்லை. ஆறு தட்டச்சுப் பொறிகளையும் விற்றுவிட்டேன். ஆகவே திரும்பிப் போகவும் இடமில்லை.

முதலாளியின் கட்டளை எளியது. சீசனின் முதல் ஏலத்தன்று, மலையிலிருந்து இறங்கும் மூட்டைகளில் தமிழில் அச்சிட்ட அட்டை தொங்க வேண்டும். எந்தக் காய் எவருடையது என்று வரிசை எண்ணுடன் காட்டும் லாட்டுப் பட்டியலும் ஏலக்கூடத்தில் தமிழில் இருக்க வேண்டும். மூட்டை தூக்குபவரும் காய் பிரிப்பவரும் படிக்கவேண்டும் அல்லவா? இல்லையேல் கணிப்பொறி மதுரையில் உள்ள அவர் மருமகன் வீட்டுக்குப் போய்விடும். நான் என் வீட்டுக்குப் போய்விடுவேன்.

துறை அறியாதவர்களுக்கு இரண்டு சொற்களை விளக்கிவிடுகிறேன். ஒருவர் எழுதிவைத்த நிரல் துண்டுகளைப் பிறரும் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும்படி கொடுப்பது லைப்ரரி. துண்டுகளையெல்லாம் இணைத்து, ஓடக்கூடிய முழு நிரலாக ஆக்கும் வழி கட்டுமுறை. லைப்ரரி கொடுப்பவர், "என் கட்டுமுறையில்தான் கட்ட வேண்டும்" என்று விதிக்கலாமா? இந்த வழக்கில் நான் வாதியாகவும் நின்றிருக்கிறேன், பிரதிவாதியாகவும் நின்றிருக்கிறேன்.

சென்னையிலிருந்து வந்த பெட்டி

பெயர்களை அகர வரிசையில் அடுக்கவும், தாளில் கட்டம் போட்டு அச்சிடவும் உதவும் லைப்ரரி ஒன்றைச் சென்னையில் ஒரு நிறுவனம் விற்றது. பஸ்சில் பார்சலாக வந்து சேர்ந்தது: நிரல் பதிந்த பிளாப்பித் தகடுகள் இரண்டும் செங்கல் கனத்தில் ஒரு கையேடும். எனக்குத் தேவைப்பட்டதோ, பெயர்களை அடுக்கும் துண்டு ஒன்றுதான். கையேட்டின் முதல் பக்கம் வேறு விதமாக நினைத்தது. இந்த லைப்ரரியை, கட்டும் வேலையைச் செய்வதற்கென்றே நாங்கள் எழுதிய கட்டுநிரலைக் கொண்டுதான் கட்ட வேண்டும். அந்தக் கட்டுநிரல் எங்கள் கம்பைலரோடுதான் ஓடும். உங்கள் கோப்புகளுக்கு நாங்கள் சொல்லும் பெயரைத்தான் சூட்ட வேண்டும். கம்பைலர் என்பது நாம் எழுதியதைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தருவது. என்னிடம் இருந்தது வேறொரு நிறுவனத்தின் கம்பைலர்.

அடுத்த கூடத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து காயைத் தரம் பிரிப்பார்கள். அவர்களுக்குத் தலைமை மாயக்கா. சுளகும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"என்னண்ணே, பொட்டிய இப்பிடி மொறச்சுப் பாக்குறீக?"

"நான் கேட்டது ஒரு படி மாவு, மாயக்கா. வித்தவன், என் அடுப்புலதான் அவிக்கணும்ங்கிறான்."

"அடுப்பயும் சேத்து அனுப்பியிருக்கானா?"

"அனுப்பியிருக்கான். ஆனா அது நம்ம விறகுல எரியாது."

மாயக்கா சுளகை ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப அவனையே வெரசா வந்து அவிச்சு வச்சுட்டுப் போகச் சொல்லுங்கண்ணே, நம்மளுக்கு வேற சோலி கெடக்கு."

மூன்று நிமிட ஆலோசனை

சென்னைக்கு டிரங்கால் போட்டேன். காலையில் பதிந்த அழைப்பு மதியம் கிடைத்தது. மறுமுனையில் ஓர் இளம் அதிகாரி, மிக்க மரியாதையுடன், "எங்கள் கட்டுநிரலைத்தானே பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதுதான் கோளாறு" என்றார். டிரங்காலுக்குரிய மூன்று நிமிடம் முடிந்தது.

மானத்தை விட்டு அவர்களுடைய கம்பைலரையும் தருவித்தேன். கோப்புகளுக்கு அவர்கள் சொன்ன பெயர்களையே சூட்டினேன். கட்டுநிரல் மனமிரங்கி ஓடியது. ஓடிய வேகத்தில், அவர்கள் பட்டியலில் இல்லாத என் கோப்புகள் மூன்றை 'தேவையற்றவை' என்று தீர்மானித்து அழித்தும்விட்டது. மீண்டும் டிரங்கால். அதே மரியாதை. "எங்கள் கட்டுநிரல் இருக்கும் இடத்தில் உங்கள் கோப்புகளை ஏன் வைத்தீர்கள்?" என்றார்.

முதலாளி எதிரில் அமர்ந்து, வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு உரையாடலையும் கேட்டிருந்தார். தட்டச்சு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னை வாத்தியார் என்றே அழைப்பார். நான் ரிசீவரை வைத்ததும் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, நாம அவுங்க சரக்க வாங்கியிருக்கமா, அவுங்க நம்மள வாங்கியிருக்காங்களா?"

அம்மை போட்ட எழுத்து

பெட்டியை அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பிவிட்டு, பெயர்களை அடுக்கும் துண்டை நானே எழுதினேன். நான்கு நாள் ஆயிற்று. எவருடைய அனுமதியும் கேட்காமல் அது ஓடியபோது எனக்கு உண்டான செருக்கை மறைக்க விரும்பவில்லை.

அடுத்தது தமிழ். எங்கள் அச்சுப்பொறி ஒன்பது ஊசிகளால் நாடாவின்மேல் குத்திப் புள்ளி வைக்கும். அதற்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். கட்டம் போட்ட தாளை வாங்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் எந்தக் கட்டத்தில் புள்ளி என்று குறித்தேன். 'ட'கரம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. 'ஞ'கரமோ இரண்டு நாள் என்னை வதைத்தது. இவ்வாறு உருவான எழுத்துகளை எல்லாம் ஒரு லைப்ரரியாகத் தொகுத்தேன். போடியில் இப்படி ஒன்று அதற்கு முன் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதல் தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். மாயக்கா வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி, தம் பெயரைப் படித்தார். மற்றப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். மாயக்கா தாளைத் திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: "தமிழுதாண்ணே, சந்தேகமே இல்ல, அம்மை எறங்குனதும் மூஞ்சி தெளிஞ்சிரும்."

நான் இயற்றிய சட்டம்

மலையில், போடிமெட்டைத் தாண்டி, முதலாளியும் அவர் மைத்துனரும் கூட்டாக வைத்திருந்த எஸ்டேட்டிலும் ஒரு கணிப்பொறி இருந்தது. மைத்துனர் யாரையும் கேட்காமல் வாங்கியது; ஆகவே எங்களுடையதற்கும் அதற்கும் எதிலும் ஒற்றுமை இல்லை. அச்சுப்பொறி வேறு, கம்பைலர் வேறு. எங்கள் பொறியில் பிளாப்பி போட இரண்டு வாய், அதில் ஒன்றே. அதை இயக்கியவர் ஞானமுத்து. எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்து, தபால்வழிப் பாடத்தில் நிரல் கற்றவர். மூட்டை அட்டைகளை அவர்தான் அச்சிட வேண்டும். அச்சுப்பொறி வேறாக இருந்ததால், என் எழுத்து லைப்ரரியை அவர் தம் நிரலோடு சேர்த்து அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

இங்கேதான் அன்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். சென்னைக்காரர்களிடம் நான் பட்ட பாட்டை ஞானமுத்து படக்கூடாது என்று உண்மையாகவே எண்ணினேன். அவர் எதையும் யோசிக்கத் தேவையில்லாதபடி, எல்லாவற்றையும் தானே செய்யும் கட்டுநிரல் ஒன்றை எழுதினேன். முதல் வாயில் எழுத்துப் பிளாப்பி இருக்கிறதா, இரண்டாம் வாயில் வேலைப் பிளாப்பி இருக்கிறதா, கம்பைலர் நான் வைத்திருக்கும் கம்பைலர்தானா என்றெல்லாம் அது சோதிக்கும். மலையில் வாய் ஒன்றுதான், கம்பைலரும் வேறு என்பது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. ஒன்று குறைந்தாலும், எழுத்து பிசகிவிடக் கூடாதே என்ற அக்கறையில், திரையில் 'முறை தவறு' என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு நின்றுவிடும். வேறு எவ்விதத்திலும் கட்டலாகாது என்று ஒரு குறிப்பும் எழுதினேன். அடியில் கையொப்பமும் இட்டேன்.

ஞானமுத்து ஜீப்பில் இறங்கி வந்தார். பிளாப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நான் அச்சிட்டு வைத்திருந்த பக்கங்களை நின்றபடியே புரட்டினார். எழுத்துகள் ஏழு பக்கம். அவற்றைக் கட்டும் முறை பதினொரு பக்கம். இரண்டையும் இரு கைகளில் தூக்கிப் பார்த்தார். "அண்ணே, லோடு ஏழு மூட்டை, அதக் கட்டுற கயிறு பதினோரு மூட்டையா?"

மலையிலிருந்து வந்த அழைப்பு

ஏலத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எஸ்டேட்டிலிருந்து தொலைபேசி வந்தது. மழையோடு மழையாக ஞானமுத்துவின் குரல்.

"அண்ணே, முறை தவறுன்னு வருதுண்ணே."

"நம்ம கட்டுநிரலைத்தானே ஓட்டுனீங்க?"

"அதத்தான் ஓட்டுனேன்."

"ரெண்டாவது வாயில வேலைப் பிளாப்பி போட்டீங்களா?"

"ரெண்டாவது வாயே இல்லண்ணே."

"அதுதான் கோளாறு" என்றேன்.

எதிர்நாற்காலியில் முதலாளி வெற்றிலை மடிப்பதை நிறுத்தியது தெரிந்தது. அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்து, கூரையைப் பார்த்தபடி, இரண்டாவது வாய் ஒன்றைத் தருவித்துப் பொருத்திக்கொள்வதும், கம்பைலரை மாற்றிக்கொள்வதும் நல்லது என்று ஞானமுத்துவுக்கு எடுத்துரைத்தேன். பகுத்தறிவுள்ள எவரும் ஏற்கக்கூடிய ஆலோசனையாகவே அது அப்போது எனக்குப் பட்டது. மழைச் சத்தத்துக்கு மேலாக ஞானமுத்து கேட்டார்: "எழுத்துக்கு ஒரு மெசினு இங்க இருக்குண்ணே, உங்க முறைக்குன்னு தனியா ஒரு மெசினு வாங்கணுமா?"

காயவைத்த பிளாப்பி

ஏலத்துக்கு மூன்று நாள். மருமகன் வெள்ளிக்கிழமை வேனுடன் வருவதாகக் கடிதம் எழுதியிருந்தார். ஏலமும் அதே வெள்ளிக்கிழமைதான். இனி நேரில் போவதே வழி என்று, மற்றொரு பிளாப்பியையும் அச்சிட்ட பதினெட்டுப் பக்கங்களையும் பையில் வைத்துக்கொண்டு, எஸ்டேட் ஆட்கள் ஏறும் ஜீப்பில் நானும் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிளாப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். என்னை அணைத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

எஸ்டேட் அலுவலகத்தில் மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து, மேசைமேல் உட்கார்ந்துவிட்டுப் போகும். அங்கே பிளாப்பிகளில் பூஞ்சை பிடிப்பது வழக்கம். ஆகையால் ஞானமுத்து, முதலில் கொண்டுபோன பிளாப்பியைப் பத்திரமாக ஸ்டோரில் வைத்திருந்தார். ஸ்டோர் என்பது அடியில் நெருப்புப் போட்டு ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். பச்சைக் காயோடு தட்டில் ஓர் ஓரமாக, அதுவும் ஓர் இரவும் பகலும் உலர்ந்திருந்தது. எடுத்துக் காட்டினார். அப்பளம்போல் நான்கு ஓரமும் மேல்நோக்கி வளைந்திருந்தது.

நான் ஓரங்களை விரலால் அழுத்திப் பார்த்தேன், படியவில்லை. ஞானமுத்துவுக்கும் வருத்தமே. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொழில் தெரிந்தவரின் நிதானத்தோடு சொன்னார்: "கூடப் போட்ட காய்க்கெல்லாம் நல்ல பச்சை நெறம் வந்துச்சுண்ணே; இதுக்குத்தான் சூடு சேரல."

மாற்று, மாற்று

புதிய பிளாப்பியை வைத்து, என் முறையில் ஓர் எழுத்துப் பிசகாமல் தொடங்கினோம். வாய் ஒன்றே இருந்ததால், இரண்டு வாய்கள் இருப்பதாகப் பாவனை செய்யும்படி கணிப்பொறிக்கு நான் ஓர் உபாயம் செய்தேன். அதன்படி அது, "எழுத்துப் பிளாப்பியைப் போடு" என்றும் "வேலைப் பிளாப்பியைப் போடு" என்றும் மாறி மாறிக் கேட்டது. ஞானமுத்து போடுவார், எடுப்பார். எத்தனை முறை மாற்றினோம் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். இடையில் ஒருமுறை கரண்டு போயிற்று, முதலிலிருந்து தொடங்கினோம். எல்லாம் முடிந்து பார்த்தபோது, நான் மறந்தே போயிருந்த கம்பைலர் சோதனை வந்து, கம்பைலர் வேறு என்ற காரணத்தால் திரையில் 'முறை தவறு' என்று வந்தது. அதை ஏன் முதலிலேயே சோதிக்காமல் கடைசியில் சோதித்தது என்று கேட்பீர்கள். அப்படி எழுதியவன் நான்தான்.

கடைசி ஜீப்பு வெளியே ஹாரன் அடித்தது. என் பயிற்சி நிலையம் இருந்த கட்டடத்தில் இப்போது உரக்கடை வந்துவிட்டதை எண்ணிக்கொண்டேன். பதினெட்டுப் பக்கங்களையும் மேசைமேல் வைத்துவிட்டு, "ஞானமுத்து, முறைப்படி இன்னொரு தடவை..." என்று தொடங்கினேன். அவர் முதல் ஏழு பக்கங்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, மீதியையும் என் பிளாப்பியையும் மிகுந்த மரியாதையுடன் என் பையிலேயே திருப்பி வைத்தார். "நீங்க போங்கண்ணே, ஜீப்பு விட்டுரும், இத மட்டும் நான் ஒண்ணு நோக்கட்டும்."

வெள்ளிக்கிழமை

வியாழன் மாலை முதலாளி பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். சென்றாயன் என்ற பெயரில் இருவர் காய் போட்டிருந்தார்கள். ஒருவர் ராசிங்காபுரம், ஒருவர் பொட்டிபுரம். "ஊர்ப் பேரும் வரணும் வாத்தியாரே, இல்லாட்டி ரெண்டு பேரும் என் சட்டையப் பிடிப்பாங்க." சிறிய திருத்தம். நிரலில் எழுதிவிட்டு, வெள்ளி காலையில் என் கட்டுநிரலை ஓட்டினேன். அது என்னைப் பார்த்து, 'முறை தவறு' என்றது.

கூடத்திலிருந்து பறந்து வந்த காய்த்தூசும் காம்பும் இரண்டாவது வாயில் அடைத்து, அது செத்துப்போயிருந்தது. ஊதினேன், தட்டினேன், மாயக்கா கோழியிறகு கொண்டுவந்து குடைந்து பார்த்தார். பயனில்லை. ஏலத்துக்கு இரண்டு மணி நேரமே இருந்தது. வெளியே மருமகனின் வேன் வந்து நின்றது. கணிப்பொறியைச் சுற்றிக் கட்டுவதற்குப் புதுச் சாக்கும் கொண்டுவந்திருந்தார்.

அப்போது மலையிலிருந்து ஞானமுத்துவோடு ஜீப்பு வந்தது. மூட்டைகளை இறக்கத் தொடங்கியதும் கூடத்தில் சத்தம். ஒவ்வொரு மூட்டையிலும் அட்டை, அட்டையில் தமிழ், என் தமிழ். 'ஞ'கரத்தை ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு நாள் உழைப்பு வீண்போகாமல் நின்றது. ஞானமுத்து ஏழு பக்கங்களையும் தம் கையாலேயே பொறியில் ஏற்றி, தம் கம்பைலரிடம் தம் வழக்கப்படி கொடுத்துக் கட்டியிருந்தார். நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவருடைய அச்சுப்பொறியில் ஊசிகளின் வரிசை வேறு என்பதால், முதல் தாளில் எழுத்துகளெல்லாம் தலைகீழாக நின்றனவாம். என் கட்டுமுறையாக இருந்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது. அட்டையும் வந்திருக்காது. அவர் ஒரு வரியை மாற்றினார், எழுத்துகள் நிமிர்ந்துகொண்டன.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க" என்று ஞானமுத்து என் நாற்காலியில் அமர்ந்தார். என் கட்டுநிரலின் பெயரைத் திரையில் கண்டதும் கும்பிட்டுவிட்டு ஒதுக்கினார். எழுத்து லைப்ரரி ஒன்று, பட்டியல் நிரல் ஒன்று. இரண்டின் பெயரையும் ஒரே வரியில் தட்டிக் கம்பைலரிடம் கொடுத்தார். ஒரே வாய் போதுமானதாக இருந்தது. அச்சுப்பொறி கிறீச்சிட்டது. முதல் தாளிலேயே ராசிங்காபுரத்துச் சென்றாயனும் பொட்டிபுரத்துச் சென்றாயனும் தனித்தனியே, அம்மைத் தழும்போடு, வந்து விழுந்தார்கள். மாயக்கா தாள்களைக் கிழித்துக் கிழித்து வியாபாரிகளிடம் கொடுக்க, ஏலம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிற்று.

மருமகன் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, அப்ப மெசினு?" என்றார். முதலாளி பட்டியலை மேலும் கீழும் பார்த்தார்; ஞானமுத்துவைப் பார்த்தார்; கடைசியில் என்னைப் பார்த்தார். "மெசினு இங்கயே இருக்கட்டும் மாப்ளே, வாத்தியாரும் இருக்கட்டும், அவரு முறைன்னு பதினோரு பக்கம் வச்சிருக்காரு, அத வேணா சாக்குல கட்டிக் கொண்டுபோங்க."

பிறருக்கு உதவ வேண்டும் என்று நான் எழுதியவற்றுள், பெரும்பகுதியைப் பிறர் படிக்காமல் திருப்பிக் கொடுத்ததே என் வேலையைக் காப்பாற்றியது என்பதை, இத்தொழிலில் என்னோடு அடிபட்ட அன்பர்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.